சோழமண்டலத்துக்கும் ஒரு வரி கொடுங்கள்

ஆசிரியருக்கு,

தங்கள் நாளிதழின் ‘இன்றைய நிகழ்ச்சிகள்’ பகுதியில் கச்சேரி, சொற்பொழிவு, நூல் வெளியீடு எல்லாம் வருகின்றன. ஓவியக் கண்காட்சிகள் மட்டும் அரிதாகவே கண்ணில் படுகின்றன.

சென்னை ஈஞ்சம்பாக்கத்தில் உள்ள சோழமண்டல ஓவியர் கிராமத்தையே எடுத்துக்கொள்வோம். 1966-இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் சேர்ந்து உருவாக்கிய இடம் அது. படம் விற்றுப் பிழைக்க முடியாத காலம். அதனால் பாத்திக் துணி போன்ற கைவினைப் பொருட்களைச் செய்து விற்று, அந்தப் பணத்தில் நிலம் வாங்கினார்கள். எந்தப் புரவலரையும் நம்பி இருக்காமல், கலைஞர்களே கூட்டாக நடத்திக் காட்டினார்கள். இவ்வளவு பெரிய காரியம் நம் ஊரில் நடந்திருக்கிறது என்பதில் எனக்கு மிகுந்த பெருமை உண்டு.

இன்றும் அங்கே சிற்பத் தோட்டம் இருக்கிறது, பணிக்கரும் அவர் காலத்து ஓவியர்களும் வளர்த்த நவீனக் கலைப் போக்கான சென்னை ஓவிய இயக்கத்துக்கான அருங்காட்சியகம் இருக்கிறது, இளம் ஓவியர்கள் தங்கள் படங்களை வைக்கக் காட்சிக்கூடங்களும் இருக்கின்றன. ஆனால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்களில் பலர் மாமல்லபுரத்தில்தான் வண்டியை நிறுத்துகிறார்கள். பள்ளிச் சுற்றுலாக்களும் அப்படித்தான். பிள்ளைகள் பல்லவர் சிற்பங்களைப் பார்க்கட்டும், சரி. வழியிலேயே நம் காலத்துச் சிற்பங்களையும் ஒரு மணி நேரம் பார்க்கலாமே.

கண்காட்சித் தொடக்கம், ஓவியர் உரை, பயிற்சிப் பட்டறை போன்றவற்றை வாரம் ஒருமுறையாவது இடம், நேரத்துடன் வெளியிடுங்கள்.

– ஒரு வாசகர், திருவான்மியூர்