சனிக்கிழமைக் கணித வகுப்பு இன்னொரு ரியூசன் ஆகக்கூடாது

ஆசிரியர் அவர்கட்கு,

வன்னிக் கிராமங்களில் சனசமூக நிலையங்களும் பழைய மாணவர் சங்கங்களும், பெரும்பாலும் புலம்பெயர்ந்த உறவுகளின் உதவியுடன், பிள்ளைகளுக்கு வார இறுதிக் கணித வகுப்புகள் தொடங்க முன்வருகின்றன. நல்ல விடயம். ஆனால் இரண்டாம் மாதமே அங்கு கடந்தகால வினாத்தாள் விநியோகம் தொடங்கிவிடுகிறது. அதற்குத்தான் ரியூசன் கொட்டில்கள் இருக்கின்றனவே!

பிழை பிள்ளைகளைச் சேர்க்கும்போதே நேர்கிறது. தரம் 5 பிள்ளைகளைச் சேர்த்தால் அவர்களோடு புலமைப்பரிசிலும் உள்ளே வந்துவிடும். தரம் 10, 11 என்றால் சாதாரண தரப் பரீட்சை. கணிதம் அங்கே கட்டாயப் பாடம் என்பதால் பெற்றோரின் பதற்றத்தைக் குறைசொல்லவும் முடியாது. தரம் 6 முதல் 8 வரை மட்டும் எடுங்கள். இருபது பிள்ளைகள், நடத்த இருவர். அதற்கு மேல் போனால் கடைசி வாங்கில் இருப்பவர்கள் பார்த்தெழுதிச் சமாளித்துவிடுவார்கள்.

ஞாயிறு காலை அறநெறிக்கும் மறைக்கல்விக்கும் உரியது. மாலையில் வைத்தால் ஒட்டுசுட்டான், துணுக்காய்ப் பக்கக் காட்டோர வீதிகளில் யானைப் பயம். ஆகவே சனி காலை 9 முதல் 10.30 வரை. ஆண்டு முழுவதும் என்று அறிவிக்கவே வேண்டாம்: கார்த்திகை மழையில் உள்வீதிகள் வெள்ளத்தில் நிற்கும், மாசியில் காலபோக அறுவடை. மே முதல் யூலை வரை பத்துச் சனிக்கிழமைகள் போதும்.

ஒரு நாளுக்கு ஒரே ஒரு கணக்கு. உதாரணமாக, 21 புளியங்கொட்டைகள். இருவர் மாறி மாறி ஒன்றோ இரண்டோ மூன்றோ எடுக்கலாம். கடைசிக் கொட்டையை எடுப்பவருக்கு வெற்றி. முதலில் ஆடுபவர் ஒன்றை எடுத்து 20 விட்டு, பின்பு எதிராளி எடுப்பதோடு சேர்த்து நான்காகும்படி எடுத்தால் தோற்கமாட்டார். இந்த இரகசியத்தைப் பத்தாவது நிமிடத்திலேயே நடத்துபவர் சொல்லிவிட்டால் அன்றைய வகுப்பு முடிந்தது. நாற்பது நிமிடம் விடுங்கள். திணறும் பிள்ளைக்கு 5 கொட்டையில் தொடங்கக் கொடுங்கள். 4 மிஞ்சினால் யாருக்கு ஆபத்து என்பது தானாகத் தெரியும். அடுத்து விதியை மாற்றி, நான்கு வரை எடுக்கலாம் என்று சொல்லுங்கள். இங்கே ஒரு கண்ணி உண்டு. அதே 21 கொட்டையை வைத்தால், 'முதலில் ஒன்று எடு' என்று பாடமாக்கிய பிள்ளையும் சரியாகவே தொடங்கிவிடும், ஏனெனில் 20 ஐந்தின் மடங்கும்தான். 24 வையுங்கள். விளங்கியவர் நான்கு எடுப்பார், பாடமாக்கியவர் ஒன்று எடுப்பார்.

இன்னொரு நாள் 40 மீற்றர் கயிறு. அதனால் செவ்வக வடிவில் அடைக்கக்கூடிய மிகப் பெரிய தோட்டம் எது? அட்டவணை போட்டால் 10 க்கு 10 சதுரம், 100 சதுர மீற்றர் என்று வந்துவிடும். ஒரு பக்கம் வாய்க்கால் என்றும் அங்கே கயிறு தேவையில்லை என்றும் மாற்றினால் பலர் மீண்டும் சதுரத்தையே சொல்வார்கள். விடை 10 க்கு 20, பரப்பளவு 200. மறுக்காமல் மைதானத்துக்குக் கூட்டிப்போய்க் கயிற்றைப் பிடிக்கச் செய்யுங்கள்.

பின்னத்தில் அரையும் மூன்றிலொன்றும் சேர்ந்து ஐந்தில் இரண்டு என எழுதும் பிள்ளை கவனயீனமானதல்ல. தொகுதியெண்ணையும் பகுதியெண்ணையும் தனித்தனி எண்களாகப் பார்க்கிறது, அவ்வளவுதான். பொது மடங்குகளுட் சிறியது (பொ.ம.சி.) காணும் விதியைத் திரும்பச் சொல்லிப் பயனில்லை. 'ஐந்தில் இரண்டு அரையிலும் சிறிதல்லவா, கூட்டினால் குறையுமா?' என்று கேளுங்கள். பிறகு பழைய பத்திரிகைத் தாளை ஒரு பக்கமாக இரண்டாகவும் மறுபக்கமாக மூன்றாகவும் மடித்தால் ஆறு கட்டங்கள். அரைக்கு மூன்றும் மூன்றிலொன்றுக்கு இரண்டுமாக ஐந்து கட்டம், அதாவது ஆறில் ஐந்து. (இத்தாளும் அதற்கு உதவும், ஆசிரியர் பொறுத்தருள்க.)

நடத்துவதற்கு ஆட்கள் இல்லை என்பது முழு உண்மையல்ல. உயர்தரக் கணிதப் பிரிவு முடித்துப் பல்கலைக்கழக அனுமதிக்காகக் காத்திருப்போர் ஊரிலேயே இருக்கிறார்கள். கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ். பல்கலைக்கழகப் பொறியியல் பீடம், பம்பைமடுவில் வவுனியாப் பல்கலைக்கழகம் என அங்குப் படிக்கும் மாணவர்களும் இருக்கிறார்கள். கெட்டிக்காரர்கள், ஆனால் விடையைச் சொல்லாமல் இருக்க அவர்களால் முடியாது. முதல் இரு வாரமும் கேள்வி மட்டுமே கேட்கலாம் என்று கட்டளையிடுங்கள். கடைசி 25 நிமிடத்தில் வெண்கட்டி பிள்ளையின் கையில் இருக்கட்டும்.

பணம் அனுப்புவோருக்கு ஒரு வேண்டுகோள்: பெறுபேறு கேட்காதீர்கள். கேட்டால் நடத்துபவர்கள் சோதனை வைப்பார்கள், அடுத்த கிழமையே வினாத்தாள் வந்துவிடும். பத்தாம் சனிக்கிழமை எத்தனை பிள்ளைகள் வந்தார்கள், எத்தனை பேர் பலகைக்கு வந்து விளக்கினார்கள் என்று கேளுங்கள். பதாகை அடிக்கும் பணத்தில் தேநீரும் பிஸ்கட்டும் வாங்கலாம். தூரத்திலிருந்து சைக்கிளில் வரும் பிள்ளைகள் பலர் காலையில் சாப்பிடாமலே வருவார்கள்.

இப்படிக்கு,
கணித ஆசிரியர்கள் சிலர்,
மல்லாவி.