முடிவு முதலில், விசாரணை பிறகு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பருவத் தேர்வு தொடங்கினால் 'பிட் அடித்த மாணவர்கள் சிக்கினர்' என்ற செய்தியும் கூடவே வந்துவிடுகிறது. பறக்கும் படை வந்தது, இத்தனை பேர் பிடிபட்டார்கள், அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளைகளுக்கு என்ன நடக்கிறது என்று எழுதுவார் இல்லை. நான் எழுதலாம். கடலூரில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். விசாரணைக் குழு கூடும்போதெல்லாம் நடவடிக்கைக் குறிப்பைத் தட்டச்சு செய்தது நான்தான்.

பிடிபட்டவர்களில் பெரும்பாலோர் பிட் அடித்தவர்கள்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நோட்ஸை உள்ளங்கை அளவுக்குச் சுருக்கிய மைக்ரோ ஜெராக்ஸை எங்கெங்கே ஒளித்து வருவார்கள் என்று எனக்குத் தெரியும். அவர்களுக்கு வக்காலத்து வாங்க வரவில்லை.

என் கணினியில் ஒரு கோப்பு இருந்தது. 'மாணவர் தம் குற்றத்தை ஒப்புக்கொண்டார்; மன்னிப்புக் கோரினார்' என்ற வரி அதில் தயாராக இருக்கும். பெயரையும் பதிவெண்ணையும் மாற்றினால் அடுத்த ஆளுக்கு ஆயிற்று. குழு பதினொரு மணிக்குக் கூடும். நான் பத்தரைக்கே அச்செடுத்து வைத்துவிடுவேன். அந்த வரியைத் திருத்த வேண்டிய அவசியம் ஒருமுறைகூட வந்ததில்லை. அப்போது அதை என் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வரி பொய்க்காமல் போனதற்குக் காரணம், தேர்வறையிலேயே எழுதி வாங்கிவிடும் வாக்குமூலம். பிடிபட்ட பிள்ளைக்குக் கை நடுங்கிக்கொண்டிருக்கும். எதிரே பறக்கும் படை, 'சீஃப்' எனப்படும் தலைமைக் கண்காணிப்பாளர், அறைக் கண்காணிப்பாளர். 'எழுதிக் கொடுத்துவிட்டுப் போ, பார்த்துக்கொள்ளலாம்' என்பார்கள். அவர்கள் சொல்லச் சொல்ல எழுத வேண்டும், அதுவும் ஆங்கிலத்தில். முதலாம் ஆண்டு மாணவி ஒருத்தி, பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவள், 'டெலிபரேட்லி', அதாவது வேண்டுமென்றே செய்தேன் என்று எழுதிக் கொடுத்திருந்தாள். எழுத்துப் பிழையோடுதான். குழுவின் முன் நின்றபோது, 'அந்தத் தாள் என் பெஞ்சுக்குக் கீழே கிடந்தது சார், என்னுடையது இல்லை' என்றாள். அவளுடைய கடிதத்தையே தூக்கிக் காட்டி, 'இது உன் கையெழுத்துதானே?' என்றார்கள். ஆமாம் என்றாள். நாலு நிமிடத்தில் முடிந்தது. தேவனாம்பட்டினத்திலிருந்து வந்திருந்த அவள் அப்பா அன்றைக்குக் கடலுக்குப் போகாமல் வராந்தாவில் நின்றுகொண்டிருந்தார். அவரை உள்ளே கூப்பிட்டதே முடிவைச் சொல்லத்தான். பிட் என்று சொல்லப்பட்ட தாளில் இருந்த எழுத்தை விடைத்தாளில் இருந்த எழுத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. அவள் சொன்ன அந்த ஒரு வாக்கியம் என் குறிப்பில் இல்லை. பத்தரை மணிக்கு அச்செடுத்ததில் அது எப்படி இருக்கும்?

இதெல்லாம் நீதிமன்றமா, சாட்சி விசாரிக்க என்று கல்லூரிக்காரர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் உச்ச நீதிமன்றம் 1962-லேயே, உத்தரப் பிரதேசத் தேர்வு வாரியம் தொடர்பான கன்ஷியாம் தாஸ் குப்தா வழக்கில் இதைத் தீர்த்துவிட்டது. விதியில் எழுதியிருக்கிறதோ இல்லையோ, முறைகேடு செய்ததாகச் சொல்லப்படும் மாணவரைக் கேட்காமல் தண்டிக்கக் கூடாது என்பது தீர்ப்பு. அதே வாரியத்தின் இன்னொரு வழக்கில், அடுத்தடுத்த பதிவெண் கொண்ட இருவர் ஒரே மாதிரித் தவறான விடைகள் எழுதியிருந்தார்கள். காப்பி அடித்ததைக் கண்ணால் பார்த்த சாட்சி இல்லாவிட்டாலும் அதை வைத்தே முடிவெடுக்கலாம் என்றும் அதே நீதிமன்றம் சொன்னது. ஆக, கல்லூரியின் கையை யாரும் கட்டிப்போடவில்லை. காதைக் கொடுக்கத்தான் சொல்கிறார்கள்.

இப்போது வேறொரு வாக்குமூலம் வந்திருக்கிறது. புராஜெக்டையும் ஆய்வேட்டையும் மென்பொருளில் போட்டால், மற்றவர் எழுத்தோடு எத்தனை சதவீதம் ஒத்துப்போகிறது என்று கணக்கு வருகிறது. கருத்துத் திருட்டு குறித்த பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகளில், பத்து சதவீதம் வரை ஒத்துப்போனால் தண்டனை இல்லை. மூலத்தைச் சொல்லி எடுத்தாண்ட மேற்கோள்களையும், பொதுவான சொற்றொடர் என்றால் தொடர்ச்சியாகப் பதினான்கு சொற்கள் வரையிலும் கணக்கில் சேர்க்கக் கூடாது. (பதினான்கு என்றால் தமிழில் ஏறக்குறைய இரண்டு குறள், தாராளம்தான்.) துறை அளவில் மூன்று பேர் குழு, இயற்கை நீதிப்படி (அதாவது மாணவர் தரப்பையும் கேட்டு) விசாரணை, 45 நாளில் அறிக்கை என்றும் இருக்கிறது. நடைமுறையில் சதவீதம் அச்சான தாளை நீட்டினால் பேச்சு அங்கேயே முடிகிறது. செயற்கை நுண்ணறிவு எழுதியதா என்று சொல்லும் கருவியின் கதை இன்னும் மோசம். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே தன் கண்டறியும் கருவி போதிய அளவு துல்லியமாக இல்லை என்று 2023 ஜூலையில் திரும்பப் பெற்றுக்கொண்டது.

மேல்முறையீட்டுக்கு வழி இல்லாமல் இல்லை. 2023-ல் வந்த மாணவர் குறைதீர்ப்பு விதிகளின்படி கல்லூரியில் ஒரு குழு, அதற்கு மேல் பல்கலைக்கழகத்தில் குறைதீர்ப்பாளர் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் வரை நம் மாவட்டக் கல்லூரிகளுக்குப் பல்கலைக்கழகம் என்றால் வேலூர். இப்போது சிதம்பரம், பஸ்ஸில் போய் மாலைக்குள் திரும்பிவிடலாம். ஆனால் தண்டனைக் கடிதத்தின் கீழே 'இன்னாரிடம் முறையிடலாம்' என்று ஒரு வரி நான் தட்டச்சு செய்ததாக நினைவே இல்லை.

அடுத்த பருவத் தேர்வுக்குள் கல்லூரி முதல்வர்கள் செய்யக்கூடியது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. வாக்குமூலப் படிவத்தைத் தமிழிலும் அச்சடியுங்கள். 'நான் மறுக்கிறேன்' என்று எழுதவும் அதில் இடம் விடுங்கள். கைப்பற்றிய தாளின் நகலை விசாரணைக்கு மூன்று நாள் முன்னதாக மாணவரிடம் கொடுங்கள். அம்மாவோ அப்பாவோ உள்ளே உட்காரட்டும். நடவடிக்கைக் குறிப்பை, தயவுசெய்து, விசாரணை முடிந்த பிறகு தட்டச்சு செய்யச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கல்லூரி அலுவலக ஊழியர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.