நகோரோ பள்ளியைத் திறந்து காட்டிய பாட்டிக்கு நன்றி

ஜப்பானின் ஷிகோகு தீவில், இயா பள்ளத்தாக்கின் கிழக்குப் பகுதியில், சுருகி மலைக்குப் போகும் வழியில் இருக்கிறது நகோரோ என்ற சிற்றூர். கடைசி இரண்டு மாணவர்களும் படித்து முடித்ததும் 2012-இல் மூடப்பட்ட அதன் தொடக்கப் பள்ளியைப் பார்க்கச் சென்றிருந்தேன். அட்டவணையைத் தவறாகப் படித்துத் திரும்பும் பேருந்தைத் தவறவிட்டு, பூட்டிய வாயிலில் மழையில் நின்ற என்னை உள்ளே அழைத்து, காலணியைக் கழற்றச் சொல்லி, உலர்ந்த செருப்பு ஒன்றையும் தந்த பாட்டிக்கு இந்தப் பதிவின் வழியே நன்றி கூறுகிறேன்.

வகுப்பறையில் பிள்ளைகளுக்குப் பதிலாக, அவ்வூர்க்காரரான ஆயானோ சுகிமி செய்த ஆளுயரப் பொம்மைகள் அமர்ந்திருந்தன. உள்ளே செய்தித்தாள் திணித்து, பழைய உடைகளை மாட்டி, கண்ணுக்குப் பொத்தான் தைத்தவை அவை. ஒரு பொம்மையின் சரிந்திருந்த கழுத்துப்பட்டையைப் பாட்டி, பள்ளிக்குக் கிளம்பும் பேரனுக்குச் செய்வதுபோல, நின்று சரிசெய்தார். எனக்கு அங்கே பேச்சே எழவில்லை.

பிறகு தமது சிறிய லாரியில், வளைந்து வளைந்து இறங்கும் 439-ஆம் எண் சாலை வழியே, குபோ பேருந்து நிறுத்தம்வரை கொண்டுபோய் விட்டார். நீட்டிய பணத்தை வாங்க மறுத்துவிட்டார். பெயரைக் கேட்டதற்கும் சிரிப்புதான் பதில். கையில் இரண்டு ஆரஞ்சுப் பழங்களைத் திணித்துவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டார்.