ஓய்வுபெற்ற ஆயர்களின் வரலாறு தமிழில் எழுதப்பட வேண்டும்: கொழும்பு மறைமாவட்டப் பேரவைக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்புக்குரிய ஆயர் அவர்களுக்கும் மறைமாவட்டப் பேரவையின் அங்கத்தவர்களுக்கும் மட்டக்களப்பிலிருந்து வணக்கம்.

இலங்கை அங்கிலிக்கன் திருச்சபையில் ஆயர்களாகப் பணியாற்றி ஓய்வுபெற்றவர்களின் வாழ்க்கை வரலாறுகளைத் தமிழில் எழுதுவிக்கும் பொறுப்பைப் பேரவை ஏற்க வேண்டும் என்றும், அப்பணியை, ஆயரான முதலாவது இலங்கையராகிய லக்தாச டி மெல்லிலிருந்து தொடங்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்ளவே இதனை எழுதுகிறேன். 1814இல் மட்டக்களப்புக்கு வந்து, ஓராண்டுகூட நிறையாமல் 1815இல் காலமான மெதடிஸ்த ஊழியர் வில்லியம் ஓல்டின் பெயர் இந்நகரத்துப் பிள்ளைகளுக்குத் தெரியும். அந்தச் சபையார் அவரது நினைவைப் பேணி வந்திருக்கிறார்கள். ஆனால் அங்கிலிக்கன் திருச்சபையில் ஆயரான முதலாவது இலங்கையர் யார் என்று நம் ஞாயிறு பாடசாலையில் கேட்டால் விடை சொல்லப் பிள்ளை இல்லை. அது பிள்ளைகளின் குறை அன்று. அவர்கள் கையில் கொடுக்க நம்மிடம் தமிழ்ப் புத்தகம் இல்லை.

1902இல் மொறட்டுவையில் பிறந்து, ஒக்ஸ்போர்ட்டில் கற்று, 1926இல் குருத்துவ அபிஷேகம் பெற்ற டி மெல், 1945இல் கொழும்பின் துணை ஆயரானார். அந்நாளில் முழு இலங்கையும் கொழும்பு மறைமாவட்டமாகவே இருந்தபடியால் மட்டக்களப்பும் அம்பாறையும் அவரது பணிப்பரப்புக்குள் அடங்கின. 1950இல் குருநாகல் மறைமாவட்டம் உருவானபோது அதன் முதல் ஆயரானார். 1962 முதல் கல்கத்தாவில் இருந்துகொண்டு இந்தியா, பாகிஸ்தான், பர்மா, இலங்கை ஆகிய நான்கு நாடுகளின் அங்கிலிக்கன் திருச்சபைக்கும் தலைமை ஆயராக விளங்கினார். 1965இல் இந்தியாவும் பாகிஸ்தானும் போரிட்ட வேளையில் எல்லையின் இருபுறமும் இருந்த அச்சபையின் விசுவாசிகளுக்குத் தலைமை மேய்ப்பர் அவர் ஒருவரே. போர் எல்லைக்கோட்டின் இரு பக்கத்திலும் உறவினரை வைத்துக்கொண்டு பல ஆண்டுகள் வாழ்ந்த நம் மக்களுக்கு அந்த நிலைமையை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

ஆயினும் அவரது வாழ்வில் கிழக்கு மாகாணத்தவர் கவனமாகப் படிக்க வேண்டிய பகுதி இந்தப் பதவிகள் அல்ல. தென்னிலங்கையின் பத்தேகமையில் குருவானவராக இருந்த காலத்திலிருந்தே அவர் ஆராதனைக்காகச் செய்தவைதான். ஆங்கிலேயர் விட்டுச்சென்ற இராகங்களிலேயே கிராமத்தவர் பாட வேண்டும் என்ற வழக்கத்தை அவர் ஏற்கவில்லை. சிங்கள நாட்டார் இசையையும் மேளத்தையும் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். குருநாகல் பேராலயத்தை உள்நாட்டுக் கட்டட மரபில் எழுப்புவித்தார். ஏறக்குறைய அதே காலத்தில்தான் காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் பழந்தமிழ் இசையை ஆராய்ந்து 1947இல் அதனை நூலாக்கினார். இருவரும் வேறு சமயத்தவர், வேறு மொழியினர். எனினும் தம் மக்களின் இசை தாழ்ந்ததன்று என்பதில் இருவருக்கும் ஒரே உறுதி இருந்தது என்றே நான் கருதுகிறேன். வடமோடி, தென்மோடிக் கூத்துகள் வாழும் இம்மண்ணில் நமது திருவிருந்து ஆராதனை எந்த இசையில் அமைய வேண்டும் என்ற கேள்வியை, டி மெல்லின் வரலாற்றைப் படிக்கும் இளைஞர் தாமாகவே எழுப்புவர். அக்கேள்வி எழ வேண்டும் என்பதே என் விருப்பம்.

1970இல் அவர் ஓய்வுபெற்ற அதே ஆண்டில், அவர் தலைமை தாங்கிய, நான்கு நாடுகளையும் உள்ளடக்கிய அந்தத் திருச்சபை மாகாணமே கலைந்தது. இலங்கையின் இரு மறைமாவட்டங்களும் கன்ரபரிப் பேராயரின் மேற்பார்வைக்குள் வந்தன. 1976இல் அவர் காலமானார்.

அவருக்குப் பின்வந்தவர்களையும் தாமதியாது எழுத வேண்டும். 1987இல் கொழும்பு ஆயரான ஜேபஸ் ஞானப்பிரகாசம் அவர்களின் பணிக்காலத்துக்குள்தான் கிழக்கு 1990இன் போர்க் கொடுமைகளைக் கண்டது. 2001 முதல் 2010 வரை ஆயராயிருந்த துலீப் டி சிக்கேரா அவர்களின் காலத்துக்குள் போர்நிறுத்தமும், 2004இன் ஆழிப்பேரலையும், வாகரை மக்களின் இடப்பெயர்வும், போரின் முடிவும் அடங்கும். போரைக் குறித்து அவர் எழுதிய மேய்ப்புப்பணிக் கடிதங்கள் தமிழில் ஒரே தொகுப்பாக வர வேண்டும். அவை கொழும்பில் இருந்தவர்களைவிட எங்களுக்கே நெருக்கமானவை.

இதற்குப் பெருநிதி தேவைப்படாது. கிழக்கின் ஆலயங்களில் எஞ்சியிருக்கும் திடப்படுத்தல் (ஞானஸ்நானம் பெற்றவர்களை ஆயர் விசுவாசத்தில் உறுதிப்படுத்தும் சடங்கு) பதிவேடுகளை, 1945 முதல் 1950 வரையானவற்றிலிருந்து தொடங்கி, ஈரமும் கறையானும் அழிக்குமுன் படமெடுத்துச் சேமிக்கப் பேரவை உத்தரவிட வேண்டும். நூலைச் சிங்களத்திலிருந்தோ ஆங்கிலத்திலிருந்தோ மொழிபெயர்த்து அனுப்பாமல், கிழக்கின் தமிழறிந்தவர்களையே எழுதவிட வேண்டும். பழைய ஆயர்களிடம் திடப்படுத்தல் பெற்ற முதியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களின் வீடுகளுக்குச் சென்று நினைவுகளை ஒலிப்பதிவு செய்யும் வேலையை இங்குள்ள இளைஞரிடமே ஒப்படையுங்கள். அடுத்த பேரவைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இவ்வேண்டுகோளைச் சேர்த்து, எடுக்கும் முடிவை எங்கள் சபைகளுக்கு எழுத்தில் அறியத் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

ஆண்டவரின் பணியில்,
மட்டக்களப்பு அங்கிலிக்கன் சபையின் அங்கத்தவர் ஒருவர்