அந்த ஒரு ‘ஓ’

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நடந்ததால் உடனே பதில் போட முடியவில்லை. இப்போது நன்றாக இருக்கிறார். உன் மகளுக்கு வேலை கிடைத்த சேதியைச் சொன்னதும் மனம் நிறைந்துபோனார்.

வகுப்பில் புதிதாகச் சேர்ந்த பையனைப் பற்றி எழுதியிருந்தாய். “எத்தனை தடவை சொல்லிக் கொடுத்தாலும் கோபம் வந்தால் எல்லாம் மறந்துவிடுகிறான்” என்கிறாய். கோபத்தில் இருக்கும்போது சொன்னால் எதுவும் ஏறாது. அந்த நேரத்தில் அவனை ஆற்றுவது மட்டும்தான் உன் வேலை. பாடமெல்லாம் மறுநாள், அவன் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும்போது.

என்னிடம் பதினொரு வயதுப் பையன் ஒருவன் வருகிறான். வரிசையில் யார் முழங்கையாவது பட்டால் போதும், அடித்துவிடுவான். கேட்டால் “வேணும்னேதான் இடிச்சான்” என்பான். அது பொய் இல்லை, அவன் கண்ணுக்கு அப்படித்தான் தெரிகிறது. உளவியலாளர் கென்னத் டாட்ஜ் 1980-இலேயே இதை ஆய்ந்து எழுதியிருக்கிறார்: நோக்கம் தெளிவாகத் தெரியாத ஒரு செயலை, முரட்டுச் சுபாவமுள்ள சிறுவர்கள் கெட்ட எண்ணத்தோடு செய்ததாகவே எடுத்துக்கொள்வது அதிகம். அதனால் “என்ன செய்யலாம்?” என்ற கேள்விக்குப் போகாமல், “என்ன நடந்தது?” என்பதிலேயே இரண்டு வாரம் இருந்தோம். நடந்ததைப் படமாக வரையச் சொன்னேன். தன்னையும் இடித்தவனையும் வரைந்தான். “அவனுக்குப் பின்னால் யார் நின்றார்கள்?” என்று கேட்டேன். பென்சிலை உருட்டிக்கொண்டு வெகுநேரம் யோசித்தான். அப்புறம் பின்னால் இன்னொருவனை வரைந்து, அவன் கையிலிருந்து ஓர் அம்புக்குறி போட்டான். “இவன் தள்ளியிருப்பானோ?” என்றான். அந்த ‘ஓ’வைக் கேட்கத்தான் அத்தனை நாள் காத்திருந்தேன்!

வழிகளைத் தேடுவது அதற்குப் பிறகுதான். முதல் வழி எப்போதும் “அடிப்பேன்” என்றுதான் வரும். அதையும் எழுதிக்கொள். நீ முகம் சுளித்தால் அவன் அடுத்ததைச் சொல்லமாட்டான். “சரி, வேற?” என்று மட்டும் கேள். உனக்குப் பிடித்த பதில் வந்தாலும் உடனே பாராட்டிவிடாதே, அதோடு நிறுத்திவிடுவான். நான்கைந்து வழிகள் சேர்ந்த பிறகு ஒவ்வொன்றையும் காட்டி, “இப்படிச் செய்தால் அப்புறம் என்ன ஆகும்?” என்று கேள்.

இன்னொரு முறையும் கைகொடுக்கிறது. மைக்கன்பாம், குட்மன் என்ற உளவியலாளர்கள் 1971-இல் எழுதியது. முதலில் நீ வாய்விட்டு யோசித்துக் காட்ட வேண்டும், நடுவில் தவறு செய்து திருத்திக்கொள்வது உட்பட. பிறகு அவன் உரக்கச் சொல்லிக்கொண்டு செய்வான், பிறகு முணுமுணுத்துக்கொண்டு, கடைசியில் மனசுக்குள்ளேயே. முணுமுணுக்கும் கட்டத்தை நான் அவசரப்பட்டுத் தாண்டிவிட்டேன். அறைக்குள் எல்லாம் சரியாகச் சொன்னவன் வரிசையில் மறுபடி கை ஓங்கினான். திரும்பப் போய், வரிசை நிற்கும் இடத்திலேயே அவனை நிறுத்தி ஒத்திகை பார்த்தோம்.

போன வியாழக்கிழமை யாரோ இடித்துவிட்டார்கள். விரல்களை மடக்கிக்கொண்டான். உதடு அசைந்தது. திரும்பி, இடித்தவனைத் தாண்டிப் பின்னால் யார் என்று எட்டிப் பார்த்தான். பிறகு நன்றாகத் திட்டினான், ஆனால் அடிக்கவில்லை. எனக்கு அன்று முழுக்கச் சந்தோஷம் தாங்கவில்லை.

உன் பையனுக்கு உறக்கம், செவித்திறன், வீட்டு நிலைமை எல்லாம் எப்படி இருக்கின்றன என்று விசாரித்தாயா? அதை முதலில் பார். பிறகு ஒரு தாளும் பென்சிலும் கொடு. அவன் என்ன வரைந்தான் என்று எனக்கு எழுது.

அன்புடன்,
உன் பழைய நண்பன்