அந்தத் தூக்குக்காரர் தூக்கில் தொங்கவில்லை

ஆசிரியருக்கு,

வணக்கம். சார்லஸ் டிக்கன்ஸின் ‘பார்னபி ரட்ஜ்’ பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 1780-இல் லண்டனில் கத்தோலிக்கர்களுக்கு எதிராக நடந்த கலவரத்தைப் பற்றிய, அதிகம் பேசப்படாத ஒரு சரித்திர நாவலை எடுத்துக்கொண்டதற்கு நன்றி. ஆனால், அதை ‘மதவெறி பிடித்த கும்பலின் கதை’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டது எனக்கு ஏற்பில்லை. தகவல் பிழைகளும் இருக்கின்றன.

பிரிட்டனின் 1778-ஆம் ஆண்டுச் சட்டம் கத்தோலிக்கர்களுக்கு ஓட்டுரிமை தந்ததாகக் கட்டுரை சொல்கிறது. தரவில்லை. அரசருக்கு விசுவாசப் பிரமாணம் எடுத்தால் நிலம் வாங்கலாம், வாரிசாகப் பெறலாம். பள்ளி நடத்தினால் ஆயுள் சிறை என்ற பழைய விதி நீங்கியது. ஏறக்குறைய அவ்வளவுதான். அமெரிக்கப் போருக்கு ஆள் சேர்க்கும் அவசரமும் அதற்குப் பின்னால் இருந்தது. கத்தோலிக்கர்கள் நாடாளுமன்றத்தில் உட்கார 1829 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இத்தனை சின்னச் சலுகைக்காகவா 1780 ஜூனில் லண்டன் ஒரு வாரம் எரிந்தது? டிக்கன்ஸைக் குடைந்த கேள்வியே இதுதான்.

பூட்டுத் தொழிலாளி வார்டனின் வீட்டில் ஓர் உண்டியல் இருக்கிறது. சின்ன வீடு மாதிரி செய்து, செங்கல் சிவப்பும் மஞ்சள் கூரையுமாக வண்ணம் அடித்தது. புகைபோக்கி வழியாகக் காசு போட வேண்டும். வாசல் கதவில், அந்தச் சட்டத்தை எதிர்த்த ‘புராட்டஸ்டன்ட் சங்கம்’ என்ற அமைப்பின் பெயர்ப்பலகை. பக்தியுள்ள வார்டனின் மனைவி வீட்டுக் காசை அதில் போட்டுச் சேர்க்கிறார். அடுத்து, 36-ஆம் அத்தியாயத்தின் முடிவில் ஒரு துண்டறிக்கை வருகிறது. அந்தச் சங்கத்தின் தலைவர் ஜார்ஜ் கார்டன் பிரபுவின் செயலாளர் கேஷ்ஃபோர்டு இரவில் இறைத்துவிட்டுப் போவது. கவனமாகப் படி, பத்திரமாக வை, பிறகு வேறெங்காவது போட்டுவிடு என்கிறது அது. அடுத்த அத்தியாயத்தில் வதந்தி. போப்பின் ஆட்கள் லண்டனில் மத விசாரணை மன்றம் வைக்கப்போகிறார்களாம், ஸ்மித்ஃபீல்டு மாட்டுச் சந்தையின் பட்டிகளை ஆட்களை எரிக்கும் கம்பங்களாகவும் கொதிகொப்பரைகளாகவும் மாற்றப்போகிறார்களாம். யார் சொன்னது என்று யாருக்கும் தெரியாது, அதனாலேயே அது பரவுகிறது.

இனி, கும்பலின் முன்வரிசையைப் பாருங்கள். குதிரைக்காரன் ஹியூவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவன் தாயை டைபர்னில் தூக்கிலிட்டதை மட்டும் அவன் மறக்கவில்லை. சைமன் டாப்பர்டிட் வார்டனிடம் தொழில் பழகியவன், முதலாளி மேல் வன்மம் வளர்ப்பவன். வெகுளியான கதாநாயகன் பார்னபிக்குத் தங்கம் கிடைக்கும் என்ற கனவு, கும்பலின் அடையாளமாகத் தொப்பியில் குத்திய நீல நாடாப் பூவின் பெருமை. கேஷ்ஃபோர்டோ கத்தோலிக்கனாக இருந்து மாறியவன். இவர்கள் எல்லோரிலும் மதத்தை மனதார நம்புபவர் கார்டன் ஒருவர்தான், அவருக்கோ கூட்டத்தின் மேல் எந்தப் பிடியும் இல்லை. ‘மதவெறி’ என்று சொல்லி நாம் கடந்துபோனால், இந்தத் தனித்தனிக் கணக்குகள் எல்லாம் கண்ணில் படாமலே போய்விடும்.

தூக்குக்காரன் டென்னிஸின் கணக்கு எல்லாவற்றையும் விடக் கொடுமையானது. கத்தோலிக்கர்கள் ஆட்சிக்கு வந்தால் தூக்கிலிடாமல் எரிப்பார்கள், அவித்துவிடுவார்கள், தன் தொழில் போய்விடும் என்று பயந்து அவன் சேர்கிறான். நியூகேட் சிறையைத் தாக்கும்போது, கண்காணிப்பாளர் வீட்டுச் சாமான்களை வாயிலில் குவித்துத் தீ வைக்கிறார்கள். அந்தப் பூட்டைச் செய்த வார்டனை இழுத்துவந்து திறக்கச் சொல்கிறார்கள், அவர் மறுக்கிறார். கதவு சூட்டில் தளர்ந்து சரிந்ததும் கும்பல் உள்ளே பாய்கிறது. ஆனால், மரண தண்டனைக் கைதிகள் நால்வரின் அறைப்பக்கம் நிற்கும் டென்னிஸ் மட்டும் அவர்களை விட மறுக்கிறான். கம்பிக்கு வெளியே நீட்டிய கைகளைத் தடியால் தட்டுகிறான். சிறையை எரிக்க வந்தவனுக்குத் தூக்குமேடை மட்டும் பத்திரமாக இருக்க வேண்டும்! 65-ஆம் அத்தியாயத்தைப் படிக்காமல் இந்த நாவலைப் பற்றி யாரும் பேசக்கூடாது.

நாவலில் டென்னிஸ் தூக்கிலிடப்படுகிறான். வரலாற்றிலும் அப்படியே நடந்ததாகக் கட்டுரையாளர் எழுதிவிட்டார். உண்மையான எட்வர்டு டென்னிஸ் கைதாகி மரண தண்டனை பெற்றார். ஆனால், தண்டனை நிறைவேற்றப்படவில்லை. அதே வேலைக்குத் திரும்பி 1786-இல் இறக்கும்வரை அதில் இருந்தார்.

படை ஏன் இத்தனை தாமதமாகச் சுட்டது என்பதற்கும், கட்டுரை சொல்வதுபோல அரசரின் கோழைத்தனம் காரணமில்லை. 1715 முதல் நடப்பில் இருந்த கலகச் சட்டப்படி, 12 பேரோ அதற்கு மேலோ கூடியிருந்தால் மாஜிஸ்திரேட் அறிவிப்பை வாசிக்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்குப் பிறகும் கலையாவிட்டால் பலப்பிரயோகம். மாஜிஸ்திரேட் ஆணை இல்லாமல் சிப்பாய்கள் சுடவே கூடாது என்று எல்லோரும் நம்பினார்கள். 1768-இல் துப்பாக்கிச்சூட்டுக்கு உத்தரவிட்ட மாஜிஸ்திரேட் மேலேயே கொலை வழக்கு வந்ததை லண்டன் மறக்கவில்லை. அறிவிப்பை வாசித்தவரின் வீட்டைக் கும்பல் தேடிப் போகும் என்ற பயமும் உண்டு. லண்டன் மேயர் பிராக்லி கென்னட் கையைக் கட்டிக்கொண்டு நின்றதற்காகப் பின்னால் குற்றவாளி என்று தீர்ப்பானது. ஜூன் 7 அன்று, மாஜிஸ்திரேட் இல்லாமலும் படை இயங்கலாம் என்று மூன்றாம் ஜார்ஜே ஆணையிட்ட பிறகுதான் நிலைமை மாறியது. படையின் கணக்குப்படி சுடப்பட்டு இறந்தவர்கள் 285 பேர். சாராயம் எரிந்து ஓடிய ஹோபர்ன் தெருவில் குடித்து விழுந்து கருகியவர்கள் அந்தக் கணக்கில் இல்லை.

புதிதாகப் படிக்கத் தொடங்குவோருக்கு ஒன்று. முதல் 32 அத்தியாயங்கள் 1775-இல் மெதுவாக நகரும். அலுப்பாக இருந்தாலும் தாண்டிப் போகாதீர்கள். ஹியூவின் தாய் கதையும் சைமனின் வன்மமும் அங்கேதான் இருக்கின்றன. 33-ஆம் அத்தியாயத்தில் கதை ஐந்து வருடம் தாவும்.

ஓட்டுரிமை, டென்னிஸ், அரசர் ஆகிய மூன்று இடங்களுக்கும் அடுத்த இதழில் திருத்தம் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
திருச்சி