ட்ரோன் வாங்கும் முன் ஒரு கம்பம் நடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கால்பந்துப் பயிற்சியைப் படம்பிடிக்க ட்ரோன் வாங்குவதில் பள்ளிகளும் மன்றங்களும் ஆர்வம் காட்டுகின்றன. வாங்கட்டும். ஆனால் பலர் அதை மைதானத்துக்கு நேர் மேலே, முடிந்த உயரத்துக்கு ஏற்றி நிறுத்திவிடுகிறார்கள். படம் அழகாக வரும். பயிற்சியாளருக்கு அதில் எதுவும் கிடைக்காது.

கணக்கைப் பாருங்கள். சிறிய ட்ரோன்களில் பெரும்பாலும் 24 மி.மீ.க்கு நிகரான லென்ஸ் இருக்கும். நேர்கீழே பார்க்கும்போது அது தன் உயரத்தைப்போல் ஒன்றரை மடங்கு நீளத்தையும் 0.84 மடங்கு அகலத்தையும் பிடிக்கும். 105-க்கு 68 மீட்டர் மைதானம் முழுவதும் அடங்க 81 மீட்டர் ஏற வேண்டும். அங்கிருந்து எடுக்கும் எச்.டி. பதிவில் ஒரு மீட்டருக்கு 16 பிக்சல்தான் வரும். ஓர் ஆட்டக்காரரின் தோள்பட்டை எட்டுப் புள்ளிகளாகச் சுருங்கிவிடும். அவர் எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறார் என்பதுகூடப் புரியாது.

ட்ரோனை கோலுக்குப் பின்னால் 18 மீட்டர் தள்ளி, 28 மீட்டர் உயரத்தில் நிறுத்தி, கேமராவை 35 டிகிரி கீழ்நோக்கிச் சாய்த்துப் பாருங்கள். படச்சட்டத்தின் கீழ்விளிம்பு கோல் கோட்டில் வந்து உட்காரும், எதிர் கோல் வரை தெரியும். அருகிலுள்ள இரண்டு கார்னர்கள் வெட்டுப்படும், அதனால் நட்டமில்லை. பின்வரிசைக்கும் நடுவரிசைக்கும் இடையே எத்தனை மீட்டர் இடைவெளி விழுகிறது, பந்து வலப்பக்கம் போனதும் இடப்பக்கத் தடுப்பாட்டக்காரர் எவ்வளவு உள்ளே வருகிறார் என்பதெல்லாம் இந்தக் கோணத்தில்தான் பிடிபடும். இன்னொரு நன்மை, ட்ரோன் பழுதாகி விழுந்தாலும் ஆட்டக்காரர்களின் தலையில் விழும் ஆபத்து குறைவு.

அந்தத் தூரத்தில் ஆட்டக்காரர்களின் முதுகு எண்கள் தெரியாது என்பதால் மேலங்கியின் நிறத்தை யோசித்துக் கொடுங்கள். செம்மண் மைதானத்தில் சிவப்பும் ஆரஞ்சும் மண்ணோடு கலந்துவிடும். நீலமும் மஞ்சளும் பளிச்சென நிற்கும். எக்ஸ்போஷரை, அதாவது கேமரா உள்வாங்கும் ஒளியின் அளவை, பூட்டி வையுங்கள், இல்லையேல் கேமரா அதைத் தானே மாற்றும் ஒவ்வொரு முறையும் படம் வெளுத்து இருளும். இரவுப் பயிற்சியில் விளக்குகள் படத்தில் துடிப்பதற்குக் காரணம் நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ். ஷட்டரை 1/100-லும் பதிவை விநாடிக்கு 25 அல்லது 50 படச்சட்டங்களிலும் வைத்தால் துடிப்பு பெரும்பாலும் நின்றுவிடும். இவ்வகை ட்ரோன்கள் பெரும்பாலும் ஒலியைப் பதிவு செய்வதில்லை. விசிலை வைத்து ட்ரோனின் பதிவையும் கீழே வைத்த இன்னொரு கேமராவின் பதிவையும் நேரம் பொருத்த நினைத்தால் ஏமாற்றம்தான். ஆட்டம் தொடங்கும்போது பயிற்சியாளர் இரு கைகளையும் உயர்த்தி இறக்கினால் அதுவே அடையாளம்.

பெட்டியில் பறக்கும் நேரம் 30 நிமிடம் என்று போட்டிருந்தாலும் காற்றுக்கும் பத்திரமாக இறங்குவதற்கும் ஒதுக்கியபின் 20 நிமிடம்தான் கையில் நிற்கும். இறங்கிய பேட்டரியைச் சூடாகவே சார்ஜரில் போடாதீர்கள். பேட்டரி குறைந்தால் ட்ரோன் தானே புறப்பட்ட இடத்துக்குத் திரும்பும். அந்தத் திரும்பும் உயரம் விளக்குக் கோபுரத்தையும் தென்னையையும் தாண்டியதாக இருக்க வேண்டும். இதைச் சரிபார்க்காததால் கோபுரத்தில் மோதி உடைபவை பல. பருந்து வட்டமிட்டால் அன்றைக்குப் பறக்கவிட வேண்டாம்.

ஆகவே 90 நிமிடப் பயிற்சி முழுவதையும் ட்ரோன் சுமக்காது. அந்த வேலைக்குக் கம்பம் போதும். மையக்கோட்டுக்கு நேராக, பக்கக் கோட்டிலிருந்து 5 மீட்டர் வெளியே 6 மீட்டர் கம்பம் ஒன்றை நட்டு, மூன்று பக்கமும் கயிறு கட்டி, ஆக்ஷன் கேமராவை ஏற்றிப் பவர் பேங்கோடு இணையுங்கள். அகலக் கோணத்தில் கோடுகள் வளையும். லீனியர் முறைக்கு மாற்றினால் நேராகும். ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் கூப்பிடும் குரலும் கூடவே பதிவாகும். உலோகக் கம்பத்தை மின்கம்பிக்கு அருகில் நடவே கூடாது. கம்பம் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் கம்பியைத் தொடாத தூரம் வேண்டும். எதிர்ப்பக்க ஆட்டக்காரர்கள் ஒருவர் பின் ஒருவர் மறைவதுதான் கம்பத்தின் குறை. அந்தக் குறையை நிரப்பவே ட்ரோன், அதுவும் வரிசை அமைப்பைப் பழகும் 15 நிமிடத்துக்கு மட்டும்.

2021-ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளின்படி 250 கிராமுக்கு மேற்படாத நானோ ட்ரோனை இயக்க உரிமம் தேவையில்லை. பெரிய பேட்டரியோ இறக்கைக் காப்போ மாட்டினால் எடை அந்த வரம்பைத் தாண்டிவிடலாம். தராசில் வைத்துப் பாருங்கள். முன் அனுமதி தேவைப்படாத பச்சை மண்டலத்தில் 400 அடி வரை பறக்கலாம். விமான நிலையத்திலிருந்து 8 முதல் 12 கி.மீ. தொலைவில் 200 அடிதான், அதைவிட நெருங்கினால் முன் அனுமதி வேண்டும். இந்த மண்டலங்களைக் காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை இணைய வரைபடத்தைப் பார்க்காமல் கிளப்பக் கூடாது.

எதிரணியின் பயிற்சிக்கு மேல் பறக்கவிடும் ஆசை யாருக்கும் வரக் கூடாது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் நியூசிலாந்து மகளிர் அணியின் பயிற்சியை ட்ரோனால் வேவு பார்த்ததற்காகக் கனடா அணியிடம் ஃபிஃபா 6 புள்ளிகளைப் பறித்தது. அதன் தலைமைப் பயிற்சியாளர் பெவ் பிரீஸ்ட்மேனுக்கு ஓராண்டுத் தடையும் விதித்தது.

எடுத்ததையெல்லாம் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்ட வேண்டாம். அடுத்த பயிற்சிக்கு முன் மூன்று துண்டுகள், ஒவ்வொன்றும் 40 விநாடிக்குள். படம்பிடிக்கும் முன்பே பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். பதிவுகள் பயிற்சியாளரின் கணினியைத் தாண்டிப் போகாமல், பருவம் முடிந்ததும் அழிக்கப்பட வேண்டும்.

இப்படிக்கு,
காணொளிப் பகுப்பாய்வில் ஈடுபட்டுள்ள கால்பந்துப் பயிற்சியாளர்கள்